ஓப்பனிங் பேலன்ஸ் 5 கிலோ

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இரண்டு பேர் நாலு வருஷமாகப் படுத்துக் கிடந்தார்கள். வாடகை கிடையாது, சாப்பாடு கிடையாது, சத்தம் கிடையாது. வீடு பெருக்கும்போது மட்டும் என் மனைவி விளக்குமாற்றால் ஒரு இடி இடித்து, "இதுங்கள எப்பங்க பழைய இரும்புக்காரன்கிட்ட போடப் போறீங்க?" என்பாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்துவிடுவேன். ஒரு காலத்தில் அவர்கள் முகத்தில்தான் நான் விழிப்பேன். பெயர் டம்பிள்ஸ். எடை ஆளுக்கு 15 கிலோ.

சென்னையில் மேன்ஷன் ரூமில் இருந்தபோது வாங்கியவை. பி.காம். முடித்துவிட்டு ஓர் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். வயசு 24. ரூமில் நாலு பேர், ஒரு ஃபேன், ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடி முன்னால் நின்று தினமும் காலையில் ஒரு மணி நேரம். மாலையில் அதே கண்ணாடி முன்னால் கையை மடக்கிப் பார்த்துக்கொள்ள இன்னும் அரை மணி. ரூம் நண்பன் ஒருவன், "டேய், ஒரு கையால தலைக்கு மேல பத்து தடவ தூக்கிடு, பிரியாணி என்னுது" என்றான். பதினோரு தடவை தூக்கினேன். பிரியாணி கிடைத்தது. பதினோராவதில் வலது தோளில் ஒரு வலியும் கிடைத்தது. பிரியாணி அன்றைக்கே ஜீரணமாகிவிட்டது. வலி இன்னும் ஆகவில்லை.

பிறகு கல்யாணம், குழந்தை. 2020-ல் கொரோனா வந்து ஆபீஸை மூடினார்கள். பெட்டி, படுக்கை, டம்பிள்ஸ் சகிதம் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். மங்களூர்.

மங்களூர் என்றதும் போண்டாவும் கடற்கரையும் ஞாபகத்துக்கு வருகிறவர்கள் மன்னிக்கவும். அது கர்நாடகா. இது கடலூர் மாவட்டம். இங்கே பருத்தி உண்டு, மக்காச்சோளம் உண்டு, ஊராட்சி ஒன்றிய ஆபீஸ் உண்டு. ஒரு காலத்தில் எங்கள் பெயரில் சட்டசபைத் தொகுதியே இருந்தது. 2011 தேர்தலிலிருந்து அதையும் திட்டக்குடி என்று ஆக்கிவிட்டார்கள். கடல் கிடையாது. ரெயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கேட்டு யாரும் ஏமாற வேண்டாம்.

பத்திரிகைகளுக்கு எழுதுவது ஒரு பிழைப்பு. அது வருஷத்தில் பாதி நாள் பட்டினி போடும் என்பதால், விருத்தாசலத்தில் மூன்று பீங்கான் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுவது இன்னொரு பிழைப்பு. இரண்டுக்கும் பொதுவான அம்சம் உட்கார்ந்திருப்பது. நாலு வருஷம் உட்கார்ந்தேன். பீங்கான் பொம்மைகளில் ஒன்று இருக்கும் பாருங்கள், தலையை ஆட்டிக்கொண்டு சிரிக்கிற செட்டியார்? அந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்தேன். தலை மட்டும் ஆடவில்லை.

2024 ஜனவரி முதல் தேதி. வருஷப் பிறப்பன்று மனிதன் செய்கிற தப்புகளுக்குத் தனியாக ஒரு செக்‌ஷன் போட்டுத் தண்டனை தரலாம். கட்டிலுக்கு அடியில் குனிந்து இரண்டு பேரையும் இழுத்து வெளியே போட்டேன். ஒட்டடை தட்டினேன். ஞாபகம் இருக்கிறதா என்று கேட்பது போல் அவை என்னைப் பார்த்தன. எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, 12 வருஷத்துக்கு முந்தைய என் தோள். ஆனால் என் தோளுக்கு ஞாபகம் இருந்தது பிரியாணி மட்டும்தான். மூன்றாவது தடவை தூக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். ஸ்விட்ச் போட்ட மாதிரி. ஆனால் விளக்கு அணைந்தது.

இரண்டு வாரம் சட்டை போட மனைவி உதவி. "பாப்பாவுக்கு மொதல்ல போட்டுட்டு வரேன், இருங்க" என்று வரிசை வேறு.

அதோடு விட்டதா? தோள் சரியாகாத நிலையில் காஸ் சிலிண்டர் வந்தது. கொண்டு வந்தவர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ காஸ்தான். ஆனால் அந்த இரும்புக் குடத்தின் எடையும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆக மொத்தம் ஏறத்தாழ 30 கிலோ. வலது கை உதவாது என்பதால் இடது கையால், இடுப்பைத் திருப்பிக்கொண்டு, சமையலறைப் படி ஏறினேன். இரண்டாவது படியில் முதுகு பிடித்துக்கொண்டது. சிலிண்டரும் நானும் ஒரே கோணத்தில் சாய்ந்து நின்றோம். அத்தை ஓடி வந்து முதலில் சிலிண்டரைப் பிடித்தார்.

இதெல்லாம் சிரிப்பதற்காகச் சொன்னது. இனிமேல் சொல்லப்போவதில் எனக்குச் சிரிப்பு இல்லை.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி. பதினொன்றரை மணி இருக்கும். கொல்லைப்புறம் போன அப்பா படியில் வழுக்கி விழுந்துவிட்டார். அப்பாவுக்கு வயது 70. விருத்தாசலத்தில் முப்பது வருஷம் சூளை வேலை பார்த்தவர். ஒல்லி உடம்பு. 58 கிலோ. ஓடிப்போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். முதுகில் மின்னல். கையை விட்டுவிட்டேன். பாதி எழுந்தவர் மறுபடி தரையில் உட்கார்ந்தார்.

"இருடா, இரு... நானே எழுந்துக்குறன்" என்றார். எழுந்துகொள்ள முடியவில்லை. மனைவியும் நானும் சேர்ந்து முயன்றோம். அதுவும் முடியவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன், பாலிடெக்னிக் படிக்கிறான், சுவரேறிக் குதித்து வந்து, "நகருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அப்பாவைக் குழந்தை மாதிரி தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தான். எலும்பு எதுவும் முறியவில்லை. இடுப்பில் சிராய்ப்பு மட்டும்.

அந்தப் பையனுக்கு நன்றி சொன்னேன். சொல்லும்போது அப்பா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இரண்டு பேர் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அத்தை ஒரு யோசனை சொன்னார். "தம்பி, கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிடு. மூணு மாசத்துல முதுகு வலி போயிடும்." விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. குறையை மனுவாக எழுதி முருகன் சந்நிதியில் கட்டிவிட்டு வந்தால் அவர் பார்த்துக்கொள்வார். போலீஸ் ஸ்டேஷன் மாதிரி அலைய வைக்க மாட்டார். எனக்கும் நம்பிக்கை உண்டு. பேப்பர் எடுத்து உட்கார்ந்தேன். எதிராளி பெயர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. யார் பெயரைப் போடுவது? யோசித்துப் பார்த்தால் குற்றவாளி ஒருவன்தான். மனுதாரரே எதிராளியாகவும் இருந்தால் முருகன் குழம்பிவிட மாட்டாரா? பேப்பரை மடித்து வைத்துவிட்டு, முதலில் எலும்பு டாக்டரைப் பார்க்க பஸ் ஏறினேன்.

டாக்டர் என்னைத் தொடுவதற்கு முன்னால் கேள்வியாகக் கேட்டார். ஒன்றுக்கு, இரண்டுக்குப் போவதில் கட்டுப்பாடு போயிற்றா? தொடை இடுக்கில் மரத்துப் போயிருக்கிறதா? காலில் பலம் குறைந்து பாதம் தொங்குகிறதா? காய்ச்சல்? எடை குறைந்திருக்கிறதா? "எடையா ஸார்? ஏறித்தான் இருக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்று சொல்லியிருந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாராம். இந்தப் பத்தியை மட்டும் வெட்டிப் பர்ஸில் வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

"எத்தனை நாள் படுத்திருக்கணும் டாக்டர்?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"எதுக்குப் படுக்கணும்? நடங்க."

முதுகு பிடித்தால் படுக்கை என்பது நம் வீடுகளில் பரம்பரை வைத்தியம். ஆனால் 1995-லேயே பின்லாந்தில் ஹெல்சிங்கி நகரசபை ஊழியர்களை வைத்து இதைப் பரீட்சித்துவிட்டார்கள். நம்மைப் போல வேலைக்குப் போகிற ஆசாமிகள்தான். திடீர் முதுகுவலிக்காரர்கள் 186 பேர். சிலரை இரண்டு நாள் படுக்க வைத்தார்கள். சிலருக்கு முதுகுப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களிடம், வலி அனுமதிக்கிற அளவுக்கு வழக்கமான வேலைகளைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். சீக்கிரம் தேறியது அந்த மூன்றாவது கோஷ்டிதான். மெடிக்கல் லீவ் போடுகிறவர்கள் இந்தச் செய்தியை மானேஜர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

தோளைத் திருப்பிப் பார்த்த ஃபிஸியோதெரபி பெண், "எதுவும் கிழியலை ஸார். தசைநார் கோவிச்சுக்கிட்டிருக்கு. கெஞ்சித்தான் சமாதானப்படுத்தணும்" என்றார். ஆறு வாரத்துக்குத் தலைக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. தோள் மட்டத்துக்குக் கீழே, வலிக்காத அளவு, கொஞ்சமாக. "பழைய வெயிட்டை மறந்துடுங்க. இப்ப புதுசா ஆரம்பிக்கிறவர் நீங்க."

காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிட அவமானம் கிடையாது. நாலு வருஷமாகத் தேய்மானமே எழுதாமல், மெஷினை வாங்கின விலைக்கே புத்தகத்தில் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். சரி, புதுக் கணக்கு. ஓப்பனிங் பேலன்ஸ் எவ்வளவு?

ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்று சமையலறையில் காலியாக இருந்தது. தண்ணீர் பிடித்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆக 5 கிலோ. இதில் ஒரு சௌகரியம் என்னவென்றால், அரை லிட்டர், கால் லிட்டர் என்று ஏற்றலாம், இறக்கலாம். கடையில் வாங்குகிற டம்பிள்ஸ் 5-க்கு அப்புறம் ஏழரைக்குத் தாவும். வலி இருக்கிறவனுக்கு அந்த ஏழரை நிஜமாகவே ஏழரை. அப்புறம் வேண்டுமானால் அதே கேனில் காய்ந்த மணலைப் போடுங்கள். 8 கிலோ பக்கம் வந்துவிடும். செலவு பூஜ்யம்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்ததிலிருந்து அவர் வாசலைத் தாண்டவில்லை. டீக்கடைக்குப் போவது நின்றுவிட்டது. பேச்சும் குறைந்துவிட்டது. நான் கேனோடு முனகுவதைப் பார்த்து அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"ஏன்டா, அச்சுலேருந்து எடுத்த பொம்மைய அன்னைக்கே சூளையில வெப்பாங்களா?"

"மாட்டாங்க."

"வெச்சா?"

"வெடிச்சிடும்."

"ஏன்?"

ஆரம்பித்தார். முப்பது வருஷ சர்வீஸ். களிமண் குழம்பை பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறோம். அச்சு தண்ணீரைக் குடித்துக்கொள்கிறது. பொம்மை வெளியே வருகிறது. தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் உள்ளே ஈரம். நிழலில் வைத்து மெதுவாகக் காய வைக்க வேண்டும். காயக் காயச் சுருங்கும். ஒரு பக்கம் வேகமாகவும் ஒரு பக்கம் மெதுவாகவும் சுருங்கினால் விரிசல். ஈரத்தோடு சூளைக்குப் போனால் உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் பொம்மையையே உடைத்துக்கொண்டு வரும். பக்கத்தில் இருக்கிற நல்ல பொம்மையும் காலி. ஆயிரம் டிகிரிக்கு மேல் ஏற்றினாலும் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். இறக்கும்போதும் அப்படித்தான். அவசரப்பட்டு சூளைக் கதவைத் திறந்தால் குளிர்காற்று பட்டு 'டிங்' என்று சத்தம் கேட்கும். "அந்த சத்தம் கேட்டா மொதலாளிக்கு நெஞ்சு வலி வரும்" என்றார்.

விழுந்த பிறகு அப்பா அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. நான் தோளில் கேட்ட 'டிக்'கைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் சூளைச் சத்தத்தைச் சொன்னபோதே இருவருக்கும் புரிந்துவிட்டது.

அன்றைக்கு ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, என்ன பயிற்சி, எத்தனை கிலோ, எத்தனை தடவை, வலி பத்துக்கு எவ்வளவு. கடைசியாக ஒரு கட்டம்: மறுநாள் காலை. ஃபிஸியோ பெண் போடச் சொன்ன கட்டம் அது. பயிற்சி செய்யும்போது வலி பத்துக்கு இரண்டு, மூன்று வரை இருந்தால் பரவாயில்லையாம். மறுநாள் காலையில் அது பழைய அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பாவிட்டால் நேற்று செய்தது ஜாஸ்தி. உடம்பு பில்லை உடனே நீட்டாது. மறுநாள்தான் அனுப்பும்.

செவ்வாய், வியாழன், ஞாயிறு. ஆபீஸ் போகிறவர்களுக்கு இதற்கு மேல் தேவையில்லை. வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுங்கள் என்றுதான் உலக சுகாதார நிறுவனமே 2020-ல் சொல்லியிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, அதாவது நம் பஸ்கிக்குத் தம்பி. சுவரில் கை ஊன்றித் தண்டால். இரண்டு வாரம் கழித்து ஜன்னல் திண்டில் கை வைத்து. கேனைத் தரையிலிருந்து தூக்காமல் ஒரு ஸ்டூல் மேலிருந்து, இடுப்பை மடித்து, முதுகை நேராக வைத்துத் தூக்குவது. இரண்டு கையிலும் இரண்டு கேனோடு மொட்டை மாடியில் நடை. நான் நடப்பதைப் பார்த்து எதிர்வீட்டம்மா, "பைப்புல தண்ணி வருதா?" என்று குடத்தோடு ஓடி வந்துவிட்டார்.

எதிலும் 'இன்னும் இரண்டு தூக்கலாம்' என்கிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இது சொல்லச் சுலபம். இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டால்தான் பெண் என்று சொன்ன நாட்டில் பிறந்தவனுக்கு, முடிகிற இடத்தில் நிறுத்துவது ரத்தத்திலேயே கிடையாது. (என் மாமனார் சம்பளச் சீட்டு மட்டும்தான் கேட்டார். தப்பித்தேன்.)

இந்தக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிற வித்தைக்கு ஒரு சரித்திரம் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தில் முழங்கால் அடிபட்ட சிப்பாய்கள் அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரிகளில் மாதக்கணக்கில் படுத்திருந்தார்கள். கனமாக எதையும் தூக்கக் கூடாது என்பது அப்போதைய சட்டம். சிகாகோவில் தாமஸ் டிலோர்ம் என்ற இளம் டாக்டர், தானே வெயிட் தூக்கிப் பழகியவர், அந்தச் சட்டத்தை மீறினார். காலில் இரும்புக் காலணி மாட்டி எடையை ஏற்றிக்கொண்டே போனார். கால்கள் தேறின. 1945-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். ஆரம்பத்தில் பத்து பத்து தடவையாக ஏழு முதல் பத்து சுற்று வரை செய்ய வைத்தவர், 1948-ல் மூன்றே சுற்று போதும் என்று குறைத்துவிட்டார். பத்துத் தடவை மட்டுமே தூக்க முடிகிற எடை எதுவோ, அதில் பாதி முதல் சுற்றுக்கு. முக்கால் இரண்டாவதுக்கு. முழுசு கடைசிக்கு. இன்றைக்கும் ஜிம்மில் 'மூணு செட், பத்து ரெப்' என்கிறார்களே, அதன் மூலம் அடிபட்ட சிப்பாய்களின் முழங்கால். நான் பெரிய பயில்வான்கள் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது வாரம் ஒரு கண்டம் வந்தது. அதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் வரும். உடம்பு திடீரென்று நன்றாகிவிட்டது. கேன் பஞ்சு மாதிரி இருந்தது. சட்டைக் கை இறுகியது. ஒருமுறை வளர்ந்த தசை, விட்ட இடத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் 2010-ல் எலிகளை வைத்துப் பார்த்ததில், தசை வளரும்போது புதிதாகச் சேர்கிற செல் கருக்கள், தசை இளைத்த பிறகும் போகாமல் இருந்தனவாம். கடையை மூடினாலும் குட்வில் போகவில்லை என்கிற மாதிரி. நல்ல சேதிதான். ஆனால் தசைநாருக்கு இந்த வேகம் கிடையாது. அது சர்க்கார் ஃபைல். தன் வேகத்தில்தான் நகரும். தசை 'போலாம் ரைட்' என்று விசில் ஊதும்போது தசைநார் இன்னும் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருக்கும்.

எனக்கு இது தெரியும். படித்திருந்தேன். தெரிந்தும் ஒரு ராத்திரி, மனைவி தூங்கின பிறகு, கட்டிலுக்கு அடியில் கையை விட்டேன்.

15 கிலோ. தலைக்கு மேல். இரண்டு தடவை. 'டிக்' கேட்கவில்லை. வெற்றி என்று படுத்துவிட்டேன். பில் மறுநாள் காலையில் வந்தது. பத்துக்கு ஆறு. பத்து நாள் கேனைக்கூடத் தொடவில்லை. நோட்டில் அந்தத் தேதியில் 'அசட்டுத்தனம், 15 கிலோ, 2 தடவை' என்று எழுதியிருக்கிறது. என் மனைவியின் கையெழுத்து.

அந்தப் பத்து நாளில் நான் சதீஷ் சிவலிங்கத்தைப் பற்றிப் படித்தேன். வேலூர் சத்துவாச்சாரிக்காரர். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் 149-ம் 179-ம் ஆக மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியவர். அதற்கப்புறம் தேசியப் போட்டியில் 194 கிலோவைத் தூக்கப் போய்த் தொடைத் தசையில் அடி. 2018 கோல்டு கோஸ்ட்டில் அந்த வலியோடுதான் மேடை ஏறினார். 144-ம் 173-ம் ஆக 317 கிலோ தூக்கினார். தன்னுடைய பழைய கணக்கைவிட 11 கிலோ குறைவு. ஆனால் தங்கம் தங்கம்தான். நாலு வருஷத்துக்கு முந்தைய சதீஷோடு அவர் போட்டி போடவில்லை. எதிரில் இருந்தவர்களோடு போட்டார். நான் மட்டும் எதற்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு 24 வயசுப் பையன் ஒருவனோடு, அதுவும் பிரியாணிக்காரனோடு, மல்லுக்கு நிற்கிறேன்?

இன்னொன்று. விட்டுப்போன வருஷங்களையெல்லாம் ஒரே நாளில் ஈடு கட்டுகிறேன் என்று முதல் நாளே நூறு, இருநூறு பஸ்கி போடும் வீரர்கள் நம் ஆபீஸ்களில் உண்டு. இரண்டு, மூன்று நாள் கால் வலி சகஜம். ஆனால் வலி தாங்க முடியாமல், சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனால், தசை உடைந்து ரத்தத்தில் கலக்கிறது என்று அர்த்தம். கிட்னிக்கு ஆபத்து. இளநீர் குடித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி ஜாஸ்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை. டப்பா பவுடருக்குப் பணமும் இல்லை. முட்டை ஒன்றில் 6 கிராம் புரோட்டீன், 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம். எங்கள் பக்கத்தில் கடலைக்குப் பஞ்சமா?

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தேன். அப்பா பக்கத்து நாற்காலியில். திடீரென்று பார்த்தால் அவரும் எழுந்திருக்கிறார். உட்காருகிறார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுந்திருக்கிறார். மூன்று தடவை. மூச்சு வாங்கியது.

"என்னாப்பா?"

"சும்மாதான். நீ உன் வேலையப் பாரு."

அடுத்த வாரம் அவரையும் டாக்டரிடம் காட்டிவிட்டு, நோட்டில் அவருக்கு ஒரு பக்கம் போட்டேன். மூன்று, நாலாயிற்று. ஜூலையில் எட்டு. கைப்பிடியை விட்டுவிட்டார். ஆனால் எண்ணுவதில் மட்டும் நாணயம் போதாது. தனக்கு எண்ணும்போது "அஞ்சு, ஆறு, எட்டு" என்று தாண்டுவார். எனக்கு எண்ணும்போது "எட்டு... எட்டு... எட்டு" என்று நின்றுகொண்டே இருப்பார். முப்பது வருஷம் முதலாளிக்கு உருப்படி எண்ணிக் கொடுத்தவர் இவர்தானா என்று சந்தேகமாக இருக்கும். டீக்கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். கொல்லைப் படியில் ஒரு கைப்பிடிக் குழாயும் பதித்தாயிற்று. அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அக்டோபரில் ஒரு சாயங்காலம் அவரே வந்து கேட்டார்.

"நான் கீழ ஒக்காந்துக்குறன். தூக்கு, பாக்கலாம்."

"எதுக்குப்பா?"

"நாளைக்கே வுழுந்தா?"

கூடத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பாப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், தன்னையும் தூக்குவார்கள் என்று. ஃபிஸியோ பெண்ணிடம் இதற்கென்றே கேட்டு வைத்திருந்தேன். அக்குளில் கை கொடுத்து மூட்டை மாதிரி இழுக்கவே கூடாதாம். அவருக்குத் தோள் போகும், எனக்கு முதுகு போகும். அவர் முன்னால் ஒரு நாற்காலியை வைத்தேன். மெதுவாக முட்டி போட வைத்தேன். இரண்டு கையையும் நாற்காலி மேல் ஊன்றச் சொன்னேன். ஒரு காலை முன்னால் எடுத்துப் பாதத்தை ஊன்றினார். நான் பின்னால் நின்று, முழங்காலை மடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு." பாதி அவர் எழுந்தார், பாதி நான் தூக்கினேன். பின்னால் மனைவி இன்னொரு நாற்காலியைத் தள்ளினாள். உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பாப்பா மட்டும், "நானு, நானு" என்றாள்.

"எவ்வளவு வெயிட்டு?" என்றார் அப்பா.

"58 கிலோ."

"நோட்ல எழுதிக்க."

எழுதினேன். தேதி. பயிற்சி: அப்பா. எடை: 58. தடவை: 1. வலி: 1. மறுநாள் காலை என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நோட்டை வாங்கிப் படித்துப் பார்த்து, எடையைக் காட்டி, "பாதிய அடிடா. நானுந்தான எழுந்தன்" என்றார்.